தண்ணிக் கழிவு

டானிங்டன் முக்கில் நெட் சென்டர் வைத்திருக்கும் ஜோயல்
பயோடேட்டாவை அடித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னான்:
"கடைசியில உங்க பலவீனம் என்னன்னு கேப்பாங்கக்கா.
அளவுக்கு மீறி உழைப்பேன், அதான் என் பலவீனம்னு
சிரிச்சிக்கிட்டே சொல்லிடுங்க."
பிரிண்ட்டுக்கு இருபது ரூபாய்.
யோசனைக்குக் காசு வாங்கவில்லை.

பேருந்து முக்கால் மணி தாமதம்.
கட்டபெட்டு வளைவில் காட்டெருமை ஒன்று
ரோடு போட்ட கான்ட்ராக்டர் மாதிரி
நின்று பார்த்துக்கொண்டிருந்தது.
ஓட்டுநர் ஹாரனைத் தொடவில்லை.
நான் ஜன்னலில் மூச்சு விட்டு, விரலால் எழுதிப் பழகினேன்:
அளவுக்கு மீறி
மீதியை எழுதுமுன் வழிந்துவிட்டது.

மேனேஜர் பெயர் பெள்ளிராஜ்.
மேசைக்கடியில் ஹீட்டர், அவர் கால் பக்கம் மட்டும் சிவப்பாக.
சுவருக்கு அந்தப் பக்கம் ரோலர் ஓடும் அதிர்வில்
டம்ளரில் தேநீர் நடுங்கிக்கொண்டிருந்தது.
என் காலில் நாத்தனார் ஷூ, ஒரு சைஸ் சின்னது.

பெயர் யோகராணி. வயது முப்பத்தெட்டு.
எடைக் கிளார்க்காகப் பதினொரு வருஷம்.
பழைய ஃபேக்டரி பூட்டி ஏழு மாசம்.
எல்லாம் தாளில் இருந்தது.
எல்லாவற்றையும் மறுபடி கேட்டார்.
"இலை கொண்டு வர்றவங்க சண்டைக்கு வந்தா?"
"ஸ்கேலைத் திருப்பிக் காட்டுவேன் சார்."
அது அவருக்குப் பிடித்தது. எதையோ டிக் அடித்தார்.

பிறகு அது வந்தது.
"உங்ககிட்ட என்னம்மா பலவீனம்?"

ஜோயல் வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது.
வாய் வேறொன்றைச் சொன்னது:
"கழிச்சிடுறேன் சார்."

மழை நாளில் இலை நனைந்து வரும்.
மூட்டைக்கு இரண்டு கிலோ தண்ணிக் கழிவு,
சாக்குக்கு அரைக் கிலோ.
இது அவருக்குத் தெரியாததில்லை.
நான் சொன்னது அதற்குமேல்:

பதினொரு வருஷம் கழித்த கை சார், கேட்டோடு நிற்பதில்லை.
வீட்டுக்கும் வருகிறது.
மீன்காரர் தராசில் ஐஸைக் கழிக்கிறேன்.
மகன் தொண்ணூற்றொன்று வாங்கி வந்தால்
டீச்சர் இரக்கம் ஐந்து போக, என்கிறது மனசு.
திருப்பூரிலிருந்து வீட்டுக்காரர்
'உன்னைத்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன்' என்றால்
மணி என்ன, குடித்திருப்பாரா, அதைத் தள்ளி
மிச்சத்தைத்தான் காதில் வாங்குகிறேன்.

மார்ச்சில் தங்கை வந்து அழுதாள்.
சத்தமாக, நிறைய.
ஈரம் அதிகம் என்று தோன்றியது.
இரண்டு கிலோ கழித்துவிட்டுக் கேட்டேன்.
அந்த இரண்டு கிலோவில்தான் இருந்திருக்கிறது விஷயம்.
இப்போது அவள் போனை எடுப்பதில்லை.

எவ்வளவு நேரம் பேசினேனோ,
தேநீரில் ஆடை கட்டியிருந்தது.

பெள்ளிராஜ் கண்ணாடியைக் கழற்றினார்,
ஸ்வெட்டர் நுனியில் துடைத்தார், மாட்டிக்கொண்டார்.
போச்சு என்று ஃபைலை மூடப் போனேன்.

"இதுக்கு முன்னாடி இருந்த பையன்
மழைக்காலம் பூரா பாவம் பாத்தே
எங்கள ஒரு வழி பண்ணிட்டான்.
இதெல்லாம் பலவீனம் இல்லம்மா.
திங்கக்கிழமை வந்துடுங்க."

அவர் சொன்னதில் எவ்வளவு கழிப்பதென்று
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியாமல் போனது.

வெளியே தூறல்.
எடைக் கொட்டகை ஓரம் ஒருத்தி
தராசுக்குப் போகுமுன் மூட்டையை
ஓங்கி ஓங்கி உதறிக்கொண்டிருந்தாள்.
என் கையில் ஃபைலைக் கண்டதும் நிறுத்தினாள்.

நான் இன்னும் வேலையில் சேரவில்லை.
சம்பளம் எவ்வளவென்றுகூடக் கேட்கவில்லை.
ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
பார்க்காததுபோல் கடந்து போனேன்.

இருபத்தாறு இருக்கும்.
ஈரம், சாக்கு போக
இருபத்து மூன்றரை.